ஒரு ஜிஎம்முக்கு எத்தனை சீசன் பொறுப்பது? ஐசர்மனுக்கு ஆறு முடிந்துவிட்டது (2025 ஏப்ரல்)

நதிக்கரை19:

வணக்கம். நான் இருப்பது விண்ட்சரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட். 1996ல் ஓசூரில் இருந்து கார் உதிரிபாகக் கம்பெனி வேலைக்கு வந்தபோது ஐஸ் ஹாக்கி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்த ஜூனில் டெட்ராய்டின் டீமான ரெட் விங்ஸ் 42 வருடம் கழித்து ஸ்டான்லி கோப்பையை, அதாவது வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் சாம்பியன் கோப்பையை, வென்றது. கேப்டன் ஸ்டீவ் ஐசர்மன் அதைத் தலைக்கு மேல் தூக்கியதை கூட வேலை செய்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், ஜோ லூயிஸ் அரீனா பக்கமிருந்து கார் ஹாரன் சத்தம் விடிய விடிய ஆறு தாண்டிக் கேட்டது. அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. என் பெயருக்குப் பின்னால் இருக்கும் 19 அவருடைய ஜெர்சி எண்.

அதனால் இந்தக் கேள்வியைக் கேட்பதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2019 ஏப்ரலில் ஐசர்மன் ஜிஎம்மாக, அதாவது ஆட்களைச் சேர்த்து டீமைக் கட்டும் பொது மேலாளராக, வந்தார். ஆறு சீசன் ஆகிவிட்டது, ஒருமுறைகூட பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக ஆடும் சுற்றுகள்) போகவில்லை. அவர் வருவதற்கு முன் தவறவிட்ட மூன்றையும் சேர்த்தால் டெட்ராய்டுக்கு இது 9வது வருடம். 1991 முதல் 2016 வரை 25 வருடம் விடாமல் பிளேஆஃப் ஆடிய டீம் இது. என் சின்ன மகன் 2015ல் பிறந்தவன், உள்ளூர் டீமில் கோலியாக (கோல்கீப்பராக) நிற்கிறான், அவனுக்கு நினைவு தெரிந்து டெட்ராய்ட் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

வந்தபோது வீடு எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முந்தைய ஜிஎம் கென் ஹாலண்ட் கோப்பைகள் வாங்கித் தந்த பெரிய மனிதர்தான், ஆனால் கடைசியில் 25 வருடக் கணக்கு அறுந்துவிடக் கூடாது என்று வயதானவர்களுக்கு நீளமான ஒப்பந்தம் கொடுத்துக்கொண்டே போனார். அப்டல்கேடருக்கு ஏழு வருடம் எழுதியதை ஐசர்மன் 2020ல் பை-அவுட் செய்தார் (ஒரு பகுதிப் பணத்தைக் கொடுத்து ஒப்பந்தத்தைப் பாதியில் முடிப்பது), அந்தத் தொகை 2026 வரை கேப்பில், அதாவது டீமின் சம்பள உச்சவரம்புக் கணக்கில், உட்கார்ந்திருக்கும். ஐசர்மனின் முதல் சீசனில் 71 ஆட்டத்தில் 17 வெற்றி. கடைசி இடம். அதற்காவது டிராஃப்டில் (டீம்கள் புது இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்ச்சி) முதல் தேர்வு கிடைக்கும் என்று பார்த்தால், அந்த வரிசையை முடிவு செய்யும் லாட்டரியில் நான்காவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இதெல்லாம் அவர் தப்பு இல்லை.

ஆனால் ஆறு வருடம். மூன்றாவது கோச். போன சீசனில் வாஷிங்டனோடு 91 புள்ளிகளில் சமமாக நின்று, ஒழுங்கு நேர வெற்றிகள் (ஓவர்டைமுக்குப் போகாமல் வென்றவை) குறைவு என்பதால் வெளியே போனோம். சரி, அடுத்த வருடம் உறுதி என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த சீசனில், 2024 டிசம்பர் 26ஆம் தேதி, கோச் லலோண்டை அனுப்பிவிட்டு மெக்லெல்லனைக் கொண்டுவந்தார்கள், கொஞ்ச நாள் நன்றாக ஆடினார்கள், மார்ச்சில் மறுபடி சரிந்தார்கள்.

ஐசர்மன் என்ற பெயரை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். இதே ஆறு வருடம் வேறு யாராவது செய்திருந்தால் இந்நேரம் இருப்பாரா? ஒரு ஜிஎம்முக்கு எத்தனை வருடம் கொடுப்பது நியாயம்? எண் வேண்டும், காரணமும் வேண்டும்.

---

ஸ்காபரோ_மதி:

அண்ணை, வணக்கம். நான் டொராண்டோ லீஃப்ஸ் ஆள். இந்த வாரம் ஒட்டாவாவோடு முதல் சுற்று ஆடிக்கொண்டிருக்கிறோம், அதனால் நித்திரை குறைவு, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

என் எண் ஐந்து. ஆனால் எல்லாருக்கும் ஐந்து இல்லை. கையில் என்ன கொடுத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். கைல் டூபாஸ் 2018 மேயில் எங்கட ஜிஎம்மாக வந்தபோது அது 105 புள்ளி எடுத்திருந்த டீம். மாத்யூஸ், மார்னர், நைலாண்டர் மூன்று பேரும் ஏற்கனவே இருந்தார்கள், அவர் வந்து டவேரஸை ஏழு வருடம் 77 மில்லியனுக்குக் கூட்டி வந்தார். அப்படிப்பட்ட டீமைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சுற்று வென்றோம், 2023ல் டாம்பாவை. 2004க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அடுத்த சுற்றில் ஃப்ளோரிடாவிடம் ஐந்து ஆட்டத்தில் முடிந்தது, ஒரு கிழமைக்குள் அவரை அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரம் எனக்கு அது சரியென்றுதான் பட்டது. இப்போது பாதி மனம். ஏனென்றால் அவர் பெரிய சம்பளங்களை எழுதியது கேப் வருடா வருடம் ஏறும் என்ற கணக்கில். எல்லா டீமும் அப்படித்தான் கணக்குப் போட்டது. 2020ல் கோவிட் வந்து கேப் 81.5 மில்லியனில் மூன்று சீசன் அப்படியே நின்றுவிட்டது. நாலு பேருக்கே பாதிப் பணம் போனால் மிச்ச ஆக்களை எங்கே இருந்து பிடிப்பது? முடிவை எடுத்த நாளில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் அவரை எடை போட வேண்டும், பிறகு உலகத்துக்கு வந்த நோயை அவர் தலையில் கட்ட முடியாது.

ஆனால் 2021ல் மொன்றியலை 3-1 என்று பிடித்து வைத்திருந்து தோற்ற பிறகும் அதே நாலு பேரை நம்பித்தான் போனார். நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது அவருடைய முடிவு.

அதனால் நான் சொல்வது இது. ஆயத்தமான டீமைப் பொறுப்பெடுத்தவருக்கு ஐந்து. இடிந்த வீட்டைப் பொறுப்பெடுத்தவருக்கு ஏழு. ஐசர்மனுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

---

பொள்ளாச்சி_டென்வர்:

மதி சொன்ன ஏழுக்கு நான் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறேன், ஆனால் வருடத்தை எண்ணுவதிலேயே எனக்குச் சம்மதம் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் 2012ல் டென்வருக்கு வந்தேன். இங்கத்து டீமான கொலராடோ அவலாஞ்சின் 2016-17 சீசனை அரீனாவில் உட்கார்ந்து பார்த்தவன். 82 ஆட்டத்தில் 22 வெற்றி, மொத்தம் 48 புள்ளி. அந்த வருடத் தொடக்கமே கோளாறு. ஆகஸ்டில், பயிற்சி முகாம் தொடங்கப் போகும் நேரத்தில், கோச் பேட்ரிக் ருவா திடீரென்று வேலையை விட்டுவிட்டுப் போனார். அவசரமாக ஜாரெட் பெட்னரைப் பிடித்தார்கள். அவருக்கு அதுவரை என்ஹெச்எல் கோச் அனுபவமே கிடையாது. பிறகு லாட்டரி. கடைசி இடத்தில் இருந்த நாங்கள் நான்காவது தேர்வுக்கு இறங்கினோம், உங்களுக்கு 2020ல் நடந்தது அப்படியே எங்களுக்கு 2017ல் நடந்தது. இதற்கு மேல் மாட் டுஷேன் வேறு டீமுக்கு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். ஜிஎம் ஜோ சாகிக்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ரேடியோவில் தினமும் பேசினார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் அனுப்பியிருப்பார்கள்.

அனுப்பவில்லை. சாகிக்கும் பெட்னரை அனுப்பவில்லை. டுஷேனுக்கு அந்தக் கோடையில் வந்த விலை போதாது என்று நவம்பர் வரை பிடித்து வைத்திருந்தார். கடைசியில் ஒட்டாவா, நாஷ்வில் இரண்டையும் சேர்த்து மூன்று டீம் டிரேடாக (ஆட்டக்காரர் பரிமாற்றமாக) போட்டார், அதில் சாம் ஜிரார்ட் வந்தார், ஒட்டாவாவின் முதல் சுற்றுத் தேர்வும் வந்தது. அந்தத் தேர்வு 2019ல் நான்காவதாக விழுந்து போவன் பைரம் ஆனது. லாட்டரியில் நாங்கள் தோற்றுப் போய் எடுத்த அந்த நான்காவது தேர்வு யார் தெரியுமா, கேல் மகார். 2022ல் கோப்பை வந்தபோது பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். பெட்னர் 2025லும் கோச்சாக இருக்கிறார். மதி கோபிக்கக் கூடாது, 2019ல் டூபாஸ் எங்களுக்குக் கொடுத்த காட்ரிதான் 2022 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் ஓவர்டைம் கோல் போட்டவர்.

இதைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நான் பார்த்தது வேறு. எங்கள் தோட்டத்தில் அப்பா சொல்வார், கீரை போட்டால் ஒரு மாதத்தில் பறிக்கலாம், தென்னை வைத்தால் ஐந்தாறு வருடம் பாளையை எதிர்பார்க்காதே என்று. ஜிஎம் வேலையில் இந்த இரண்டும் இருக்கின்றன. டிராஃப்ட் என்பது தென்னை. 18 வயதுப் பையனை எடுக்கிறீர்கள், ஃபார்வர்டாக இருந்தால் இரண்டு மூன்று வருடம், டிஃபென்ஸ்மேன் என்றால் இன்னும் கூட, கோலியானால் சொல்லவே முடியாது. ஆக ஒரு ஜிஎம்மின் முதல் இரண்டு டிராஃப்டை எடை போடவே ஐந்து வருடம் ஆகிவிடும். டிரேட், ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த டீமிலும் சேரக்கூடிய ஆட்டக்காரர்), கோச் தேர்வு, இவை கீரை. இரண்டு மூன்று வருடத்தில் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

2017ல் சாகிக்கின் தென்னையை யாரும் எடை போட முடியாத நிலை. ரண்டனனை எடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த வருடமே 95 புள்ளி எடுத்து பிளேஆஃப் போனோம். தொடர்ந்து மூன்று வருடம்தான் தவறவிட்டோம், ஆறு இல்லை. அண்ணா, இதை உங்களுக்கு வலிக்கச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கொலராடோ டெட்ராய்ட் சண்டையில் எதிரெதிர் கேப்டன்களாக நின்ற இரண்டு பேர், பிறகு தங்கள் தங்கள் டீமுக்கே ஜிஎம்மாக வந்தார்கள். இருவரையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

---

வாணி_எட்மன்டன்:

எல்லோரும் எவ்வளவு காலம் கொடுப்பது என்றே பேசுகிறீர்கள். எந்த மாதத்தில் அனுப்புவது என்பது அதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன், எங்கள் ஊர் அனுபவம் அப்படி.

பீட்டர் கியாரெல்லி 2015 ஏப்ரலில் எட்மன்டனுக்கு வந்தார். பாஸ்டனில் 2011ல் கோப்பை வென்றவர் என்பதால் பெரிய மரியாதை. அவர் வந்த அதே மாதம்தான் லாட்டரியில் அந்த டிராஃப்டின் பெரிய நட்சத்திரமான மெக்டேவிட்டை எடுக்கும் வாய்ப்பு கிடைத்திருந்தது. இதைவிட நல்ல தொடக்கம் யாருக்கும் அமையாது. அடுத்த வருடம் டெய்லர் ஹாலை நியூ ஜெர்சிக்குக் கொடுத்து ஆடம் லார்சனை வாங்கினார், ஒருவருக்கு ஒருவர். ஹால் 2018ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். லார்சன் கெட்ட ஆட்டக்காரர் இல்லை, நன்றாகவே ஆடினார், ஆனால் விலை அதுவா? அதே வாரத்தில் மிலான் லூச்சிச்சுக்கு ஏழு வருடம் 42 மில்லியன். இது பொள்ளாச்சி அண்ணா சொல்லும் கீரை. 2018 வசந்தத்திலேயே அழுகியது தெரிந்துவிட்டது.

அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். இன்னொரு சீசன் கொடுத்தார்கள். வேலை போகப் போகிறது என்று தெரிந்த ஜிஎம்மின் கையில் பேனா இருப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்தக் குளிர்காலத்தில் பார்த்தோம். 2019 ஜனவரியில் கோலி கோஸ்கினனுக்கு மூன்று வருடம், வருடத்துக்கு 4.5 மில்லியன் என்று ஒப்பந்தம் எழுதினார்கள், கியாரெல்லியை அதே வாரம் அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் அந்த ஒப்பந்தத்தைச் சுமந்தார். வந்தவர் யார், உங்கள் கென் ஹாலண்ட்!

வான்கூவரையும் பாருங்கள். ஜிம் பென்னிங் 2014ல் இருந்து இருந்தார். பெட்டர்சன், க்வின் ஹ்யூஸ் எல்லாம் அவர் எடுத்த பையன்கள், தென்னை நன்றாகக் காய்த்தது. ஆனால் 2021 கோடையில் உடனே பிளேஆஃப் போயாக வேண்டும் என்ற அழுத்தத்தில் 9வது தேர்வைக் கொடுத்து அரிசோனாவில் இருந்து ஆலிவர் எக்மன்-லார்சனையும் அவருடைய பெரிய ஒப்பந்தத்தையும் எடுத்தார். கூடவே கார்லண்டும் வந்தார், அவர் உபயோகமானவர்தான். டிசம்பரில் பென்னிங்கை அனுப்பினார்கள். எக்மன்-லார்சனை 2023ல் பை-அவுட் செய்தார்கள், அந்தக் கணக்கு 2031 வரை ஓடும். மே மாதத்தில் அனுப்பியிருந்தால் அந்த ஒப்பந்தமே நடந்திருக்காது.

ஆகவே என் பதில், எத்தனை வருடம் வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் உட்கார்ந்து ஒரே கேள்வி கேளுங்கள். இந்த ஜூலை முதல் தேதி, ஃப்ரீ ஏஜென்ட் சந்தை திறக்கும்போது, அடுத்த ஏழு வருடத்துக்கான காசோலையில் இவர் கையெழுத்துப் போடுவது எனக்குச் சம்மதமா? இல்லை என்றால் அன்றே மாற்றுங்கள். அரை மனதோடு இன்னொரு வருடம் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் செலவு அதிகம்.

அப்புறம் நதிக்கரை அண்ணா, ஜேக் வால்மன் இப்போது எங்கள் டீமில் ஆடுகிறார், அருமையாக ஆடுகிறார். உங்கள் ஜிஎம் 2024 ஜூனில் அவரை ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்து சான் ஹோசேவுக்குச் சும்மா கொடுத்தார். சான் ஹோசே ஒன்பது மாதத்தில் எங்களிடம் அவரைக் கொடுத்து முதல் சுற்றுத் தேர்வு வாங்கியது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

---

மேரிலாண்ட்_செல்வம்:

இங்கே எல்லோரும் ஜிஎம்மை மாற்றினால் எல்லாம் முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்துப் பயப்படுவதாகத் தெரிகிறது. அப்படி இல்லை.

ஜார்ஜ் மெக்ஃபீ வாஷிங்டனில் 1997 முதல் 2014 வரை இருந்தார். 17 வருடம், கோப்பை இல்லை. ஆனால் ஓவெச்கின், பேக்ஸ்ட்ரம், கார்ல்சன், ஹோல்ட்பி, குஸ்னெட்சோவ் எல்லோரும் அவர் காலத்தில் எடுத்தவர்கள். 2014ல் அவரை அனுப்பிவிட்டு வெளியில் இருந்து யாரையும் கொண்டுவரவில்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்த பிரையன் மெக்லெல்லனையே உட்கார வைத்தார்கள். அவர் எதையும் இடிக்கவில்லை. ஓர்பிக், நிஸ்கனன் என்று இரண்டு டிஃபென்ஸ்மேன்களைச் சந்தையில் வாங்கினார், அடுத்த வருடம் ஓஷியை டிரேடில் கொண்டுவந்தார், பிறகு எல்லர். 2018ல் கோப்பை. எதிரில் தோற்ற டீம் வேகாஸ், அதைக் கட்டிய ஜிஎம் மெக்ஃபீ. தான் வளர்த்த பையன்கள் தன் கண் முன்னால் கோப்பையைத் தூக்குவதை அவர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். அந்த இரவு எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவரை நினைத்து அவ்வளவு வருத்தம். 2025 ஏப்ரலில் ஓவெச்கின் 895வது கோல் போட்டு கிரெட்ஸ்கியின் கோல் சாதனையைத் தாண்டியபோதும் 2004ல் அவரைத் தேர்ந்தெடுத்தவர் நினைவுதான் வந்தது.

இன்னொன்று, ஐசர்மன் விஷயத்திலேயே இது நடந்திருக்கிறது. டாம்பாவில் 2010ல் இருந்து எட்டு வருடம் ஜிஎம்மாக இருந்தார். குச்செரோவை இரண்டாம் சுற்றிலும் பாய்ண்ட்டை மூன்றாம் சுற்றிலும் கண்டுபிடித்த கூட்டம் அவருடையது. 2018 செப்டம்பரில் விலகி, தன் உதவியாளர் பிரிஸ்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் 62 ஆட்டம் வென்று முதல் சுற்றில் கொலம்பஸிடம் நான்குக்கு நான்கு தோற்றபோது ஊரே எரிந்தது. பிரிஸ்பா கோச்சையும் மாற்றவில்லை, பெரிய ஆட்களையும் விற்கவில்லை. கோல்மன், குட்ரோ என்று இரண்டு கடின உழைப்பாளிகளைச் சேர்த்தார். 2020, 2021 இரண்டு கோப்பை.

கட்டுகிறவர் ஒருவர், முடிக்கிறவர் வேறொருவர் என்பது இந்த விளையாட்டில் புதிதில்லை. ஐசர்மன் கட்டுகிறவர். அதில் அவருக்கு எந்தக் குறைவும் இல்லை.

---

நதிக்கரை19:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் படித்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொள்ளாச்சித் தம்பியின் தென்னை, கீரை கணக்கில் போட்டுப் பார்த்தேன். தென்னைப் பக்கம், 2019ல் 6வது தேர்வில் மோரிட்ஸ் சைடர். அன்று தொலைக்காட்சியில் இருந்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள், சைடர் முகத்தைப் பார்த்தால் அவரும் நம்பவில்லை. 2022ல் சிறந்த புதுமுகம் விருது அவருக்கு. 2020ல் ரேமண்ட், 2021ல் எட்வின்சன், 2022ல் காஸ்பர். முதல் சுற்றில் இந்த நான்கும் தேறியவை. ஒருமுறைகூட முதல் மூன்றுக்குள் தேர்வு கிடைக்காமல் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. மேலே வந்துகொண்டிருக்கும் பையன்கள் தனி.

கீரைப் பக்கம்தான் எனக்குப் பேச்சு வரவில்லை. 2022 கோடையில் காப்புக்கு ஐந்து வருடம், சியாரட்டுக்கு நான்கு வருடம், ஹூஸோவை டிரேடில் வாங்கி மூன்று வருடம். அந்தக் கோடையில் நாங்கள் எல்லோரும் இதோ வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம், நானும் இரண்டு ஜெர்சி வாங்கினேன். மூன்று வருடம் ஆகிவிட்டது, தம்பி சொன்ன கெடுவும் முடிந்துவிட்டது. டெப்ரின்கட் நல்ல டிரேட், பேட்ரிக் கேனும் கொடுத்த காசுக்கு மேலேயே ஆடுகிறார், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வால்மன் விஷயத்துக்கு இதுவரை யாரும் எனக்கு விளங்கும்படி ஒரு காரணம் சொல்லவில்லை. கோலி, இரண்டாவது வரிசை சென்டர், சைடருக்குத் துணையாக இன்னொரு வலுவான டிஃபென்ஸ்மேன், இந்த மூன்று ஓட்டையும் 2022ல் இருந்தவை, 2025லும் அப்படியே இருக்கின்றன.

வாணியின் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். வரும் ஜூலை 1ஆம் தேதி அவர் கையெழுத்துப் போடுவது எனக்குச் சம்மதமா? கேப் 88 மில்லியனில் இருந்து 95.5க்கு ஏறப்போகிறது, எல்லா டீமிடமும் பணம் இருக்கும், விலை எகிறும், ஒன்பது வருடப் பசியோடு இருக்கும் ஊருக்காக ஒரு 32 வயதுக்காரருக்கு ஆறு வருடம் எழுதும் ஆபத்து நிஜமாக இருக்கிறது. இல்லை, எனக்குச் சம்மதம் இல்லை. இதை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

ஆனால் செல்வம் சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அவரைத் துரத்த வேண்டாம். கொலராடோவில் 2022ல் கோப்பைக்கு அப்புறம் சாகிக் தலைவராக மேலே போய், உதவியாளர் மெக்ஃபார்லண்ட் ஜிஎம் ஆனார் இல்லையா, அது போல ஐசர்மன் மேலே போகட்டும். டிராஃப்ட் தேர்வுக் குழுவில் கை வைக்காமல் டிரேடும் சந்தையும் பார்க்க வேறொருவரைக் கொண்டுவரட்டும். பையன்களை எடுக்கும் மேசையில் அவர் இருந்தாக வேண்டும்.

---

ஸ்காபரோ_மதி:

அண்ணை, நீங்கள் இப்படி எழுதியதைப் படிக்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ஆனால் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று வைக்கும்போது கவனம். எங்களிடம் ஷானகன் தலைவராகவும் டூபாஸ் ஜிஎம்மாகவும் இருந்தபோது கடைசிச் சொல் யாருடையது என்று கடைசிவரை தெளிவில்லை. புது ஜிஎம் ஒரு டிரேடைக் கொண்டுவரும்போது ஐசர்மன் வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். அவர் அந்த ஊருக்குச் சாமி மாதிரி. அவர் தலையை ஆட்டாமல் அங்கே யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள்.

---

பொள்ளாச்சி_டென்வர்:

மதி சொல்வது சரி. எங்கள் ஊரில் சாகிக்கும் மெக்ஃபார்லண்டும் பல வருடம் சேர்ந்து வேலை செய்த பிறகு மாறினார்கள், அதனால் சிக்கல் வரவில்லை. வெளியில் இருந்து வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

அண்ணா, சைடர் ஒப்பந்தம் 2031 வரை, ரேமண்ட் 2032 வரை. இருவருமே இந்தப் புது கேப்பில் பார்த்தால் மலிவு. அந்த இரண்டையும் எழுதியது ஐசர்மன்தான், 2024 செப்டம்பரில், அவசரப்படாமல், மேலே கொடுக்காமல். அதை உங்கள் கணக்கில் அவர் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர் அதிர்ஷ்டசாலி.

ஒரு சந்தேகம் மட்டும். மாற்றுவதாக இருந்தால் டிராஃப்டுக்கு முன்பா, பின்பா? வருடம் முழுக்க ஆள் பார்த்து எழுதிய பட்டியல் தேர்வுக் குழுவிடம் இருக்கிறது, அதை எடுத்து முடிக்கட்டும் என்று பின்னால் மாற்றுவதுதான் நியாயமாகப் படுகிறது.

---

வாணி_எட்மன்டன்:

டிராஃப்ட் ஜூன் 27, 28. சந்தை ஜூலை 1. இடையில் இருப்பது இரண்டு நாள் அண்ணா. இரண்டு நாளில் வருகிறவர் யாருடைய ஏஜென்டிடம் பேசி, எந்த ஒப்பந்தத்தைப் படித்து, என்ன முடிவு எடுப்பார்? மாற்றுவதாக இருந்தால் மே மாதத்தில். பட்டியல் குழுவிடம் இருக்கிறது, குழு அங்கேயேதான் இருக்கப்போகிறது.